சிஸ்டரின் தொகுதி

சிஸ்டரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். ஓட்டுப் போட்டவர்கள், இனிமேல் போடப்போகிறவர்கள். போடாதவர்கள் என்று மூன்றாவதாக ஒரு வகை இருப்பதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். அப்படி யாராவது கையில் மாட்டினால் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் திருத்திக் கொண்டுவந்துவிடுவார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டின் பின்பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் சிஸ்டரும் அவருடைய மகளும். வீடு மகளுடையது. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா பேசுவார். அன்று சனிக்கிழமை. பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கின் கணினிகளோடு வாரம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிய சிஸ்டர், இன்றைக்குத் தேர்தல், முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். பிறந்ததிலிருந்து தேர்தல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன். பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு, அவர்கள் யாரையாவது வைத்து ஆண்டுகொள்ளட்டும் என்கிற மாதிரி ஏதோ முனகினேன்.

“ரெசிடென்ட் விசா வந்து ஒரு வருஷம் ஆயிருச்சில்ல? அப்ப இந்த நாட்டுல ஒங்களுக்கு ஓட்டு இருக்கு தம்பி. யாரும் ஒங்கப்பா பேரக் கேக்க மாட்டாங்க. கெளம்புங்க.”

அப்பா பெயரை யார், எதற்குக் கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியோடும் குழந்தையோடும் அவர் காரில் ஏறினேன்.

பள்ளிக்கூடம் ஒன்றில் வாக்குச்சாவடி. இங்கே அன்றைக்கே பெயரைப் பதிந்து அன்றைக்கே ஓட்டுப் போடலாம். போட்டு முடித்தவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஒட்டுத்தாள் தருவார்கள். என் மகள் அதை வாங்கிக்கொண்டு வெளியே ஓடி, வாசலில் நின்றிருந்த சிஸ்டரின் கம்பளிச் சட்டையில் ஒட்டினாள். எங்களை வீட்டில் விட்ட கையோடு அவர் மவுண்ட் வெல்லிங்டனுக்குப் போய் ஒரு ஃபிஜி இந்தியத் தம்பதியை அழைத்துவந்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பையன்கள். ஒவ்வொரு நடைக்கும் சட்டையில் ஒரு ஒட்டுத்தாள் கூடியது. மாலையில் பார்த்தால் ஏதோ போரில் பதக்கம் வாங்கியவர் மாதிரி இருந்தார். அவரும் ஓட்டுப் போட்டிருப்பார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். இங்கே தேர்தலுக்கு முன்பே பல நாள் ஓட்டுப் போடலாம் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் எந்தத் தாளில் ஏறுகிறது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும், நர்ஸ்கள் நெஞ்சில் தலைகீழாகக் குத்திக்கொள்ளும் அந்தக் கடிகாரத்தை அவர் கழற்றவில்லை. குட்டையான உருவம். நடந்தால் நாம் பின்னாலேயே ஓட வேண்டும்.

ஊரையெல்லாம் இந்த நாட்டுத் தேர்தலுக்கு இழுத்துக்கொண்டு போனாலும், அவர் பேச்செல்லாம் வேறொரு தேர்தலைப் பற்றியதுதான். “நம்ம தொகுதியில” என்று ஆரம்பிப்பார். மலை, மூடுபனி, ஓயாத மழை, பெரிய பங்களாக்களில் துரைமார் என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த மலைநாட்டைத்தான் சொல்கிறார் என்று பல வாரம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்று ஒருநாள் சொன்னபோதுதான் இடித்தது. கேட்டேன். அவர் சொன்னது ஸ்காட்லாந்தில், வடக்கே, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதி. மகளுக்கு இங்கே வேலை கிடைத்து வரும்வரை, வாழ்க்கையின் பெரும்பகுதியை அங்கேதான் மருத்துவச்சியாகக் கழித்திருந்தார்.

அந்தத் தொகுதியின் கதை அவர் வாயில் சொந்தக்காரர்கள் கதையாக வரும். ஆதியில் அது நிலச்சுவான்தார்களின் தொகுதி. அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு மருமகன். எதிர்த்து நின்றவர்கள் டெபாசிட் இழந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிப்பார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் வந்து நின்றார். முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவையும் தோற்றார். அவருடைய மனைவிக்கு இரண்டு பிரசவத்தையும் பார்த்தது சிஸ்டர்தான். மூன்றாம் தடவை ஜெயித்தார். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், “ஒரே ஒரு ஸ்கூல் பஸ்ஸு. மொத்தப் பேரையும் அதுல ஏத்திரலாம்” என்பார். அந்த பஸ்ஸில் நீங்களும் இருந்தீர்களா என்று கேட்டால் சிரிப்பதோடு சரி. யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெற்ற மகளுக்கும் தெரியாது.

வாத்தியார் கிழவரானார். அவருடைய இடத்துக்கு வந்தவர் லண்டனிலேயே குடியிருந்தார். அடுத்த தடவை ஜனங்கள் அவரைத் தூக்கியெறிந்துவிட்டார்கள். நடுநடுவே எல்லைக் கமிஷன் என்று ஒன்று வரும். அந்தப் பகுதியில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன, சிஸ்டருக்குப் பிரசவம் பார்க்கும் வேலையே குறைந்துவிட்டது. ஓட்டு போதவில்லை என்று கமிஷன் பக்கத்து ஊரை இழுத்து ஒட்டும். தொகுதியின் பெயரோடு அந்த ஊரின் பெயரும் சேரும். கடைசியில் தொகுதியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிற நிலைமை. சிஸ்டருக்கு அந்தக் கமிஷன் மேல் தீராத கோபம். எல்லைக்கோட்டைப் பென்சிலால் போடுகிறவன் அங்கே ஓடும் ஆற்றை ஒரு தடவையாவது தாண்டிப் பார்த்திருப்பானா என்று கேட்பார்.

குளிர்காலத்தில் வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. வாக்குப்பதிவு நாள். ரோடு தெரியாமல் பனி. அவர் ஒரு மலைப் பண்ணையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தை பிறந்து, தாயைச் சுத்தம் செய்து படுக்கவைத்து நிமிர்ந்தால் சாவடி மூடும் நேரம் நெருங்கிவிட்டது. கார் நகரவில்லை. குழந்தையின் தகப்பன் டிராக்டரை எடுக்கிறார். பின்னால் நின்றுகொண்டே போய், கையில் ரத்தக்கறை உலராமல் ஓட்டுப் போட்டிருக்கிறார். இந்தக் கதையை நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் பனி கொஞ்சம் உயர்ந்தது. ஒருமுறை, பனி போன தடவை முழங்கால் வரைக்கும்தானே இருந்தது என்று வம்புக்குக் கேட்டேன். நீங்களா தம்பி டிராக்டரில் நின்றீர்கள் என்று கேட்டுவிட்டு, இடுப்பளவுப் பனியிலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

இன்னொரு கதையை ஒரே தடவைதான் சொன்னார். அந்தப் பகுதிக்கு அவர் வேலைக்குப் போன புதிதில், சாலையோரப் பலகை ஒன்றில் தான் பிறந்த தோட்டத்தின் பெயர் எழுதியிருந்ததாம். அந்தக் காலத்தில் அங்கிருந்து போன துரைமார் இலங்கையில் தோட்டம் போட்டு, தங்கள் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தி அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அப்புறம் வந்த ஒரு தேர்தலில், பழைய நிலச்சுவான்தார்களின் கட்சியான நீலக் கட்சியின் வேட்பாளர் வீடு வீடாக வந்தார். சிஸ்டரின் வாசலில் நின்று பேச்சுக்கொடுத்தவர், தன் அப்பா சிலோனில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர் என்று பெருமையாகச் சொன்னார். எந்தத் தோட்டம் என்று சிஸ்டர் கேட்டார். அவர் சொன்னார். சிஸ்டரின் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய தோட்டம்.

“தொரை மகன் எங்கிட்ட ஓட்டுக் கேட்டு நிக்கிறாரு தம்பி. எங்கப்பா அவுங்க அப்பாகிட்ட நிமுந்து பேசுனதில்ல. உள்ள வாங்கன்னு கூப்புட்டு, தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன். நல்லா இருக்குன்னு குடிச்சாரு.”

நீங்கள் யார் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார். ஓட்டு அவருக்குப் போட்டீர்களா என்று கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது.

அந்த மனுஷிக்கு ஓட்டின் மேல் ஏன் இத்தனை பித்து என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது அப்போதுதான். சுதந்திரம் வந்த கையோடு இலங்கை, தோட்டத்துத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. அதோடு ஓட்டும் போயிற்று. குடியுரிமை வேண்டுமென்றால், இந்த நாட்டில்தான் பிறந்தேன், என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார் என்று தாளில் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவருக்கு ஏது தாள்? சிஸ்டர் அந்த நாட்களில் குழந்தை. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை பழகி, அங்கே இருந்தவர்களின் தயவில், தான் பார்த்தேயிராத இந்தியாவின் பாஸ்போர்ட்டை வாங்கி, இந்தியாவுக்குப் போகாமல் பிரிட்டனுக்குப் போய்விட்டார். அங்கே ஸ்காட்லாந்தின் ஒரு மூலையில், ஆஸ்பத்திரிக் குடியிருப்பின் கதவில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போனார்கள். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், பெயரை எழுதிக் கொடுங்கள், ஓட்டுப் பட்டியலுக்கு. காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் அவருக்கும் ஓட்டு உண்டு. அப்பா யார், தாத்தா எங்கே பிறந்தார் என்ற கேள்வி அதில் இல்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, இதைக் கண்டுபிடித்தால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் முதல் ஓட்டைப் போட்டாராம். தன் வம்சத்தில், தனக்கு நினைவு தெரிந்து, அவர்தான் முதலில் ஓட்டுப் போட்டவர்.

இதையெல்லாம் கேட்டு அவர் மேல் மரியாதை கூடிப்போயிருந்த சமயத்தில் அடுத்த பொதுத்தேர்தல் வந்தது. அதே பள்ளிக்கூடம், அதே கார். ஆனால் நல்ல மழை. நாங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது சிஸ்டர் வாசலில் குடை இல்லாமல் நனைந்துகொண்டிருந்தார். சாவடியில் வேலை பார்த்த பெண் ஒருத்தி இரக்கப்பட்டு உள்ளே வரச்சொன்னாள். அப்படியே ஓட்டுப் போட்டாயிற்றா என்றும் கேட்டாள். சிஸ்டர் ஒரு காலைப் படியில் வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். என் ஓட்டு இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

அன்று மாலை சிஸ்டரின் மகளிடம் கேட்டேன். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தமிழ் புரியும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அம்மா இந்த நாட்டில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை என்றார். பெயரே பதியவில்லை. பதியச்சொல்லி அரசாங்கத்திலிருந்து தபால் வந்தால் எடுத்துக் கிழித்துப்போட்டுவிடுவாராம். தன் ஓட்டு அங்கே இருக்கிறது என்பதுதான் எப்போதும் பதில். ஆரம்பத்தில் உண்மையாகவே இருந்தது. அங்கே இருந்தபோதே பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்ததால், இங்கிருந்து தபாலில் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நாட்டைவிட்டு வந்து பதினைந்து வருடம் ஆனால் ஓட்டு போய்விடும் என்று அங்கே ஒரு சட்டம். அதன்படி அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். எங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போடவைத்துக்கொண்டிருந்த வருடங்களில் அந்த மனுஷிக்கு உலகத்தில் எங்குமே ஓட்டு இல்லை.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு, மழையில் அந்தப் படியிலிருந்து அவர் காலை எடுத்த விதம் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

கொஞ்ச நாளில் அந்தப் பதினைந்து வருடச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் எத்தனை வருடம் இருந்தாலும், கடைசியாக வாழ்ந்த தொகுதியில் மறுபடி பெயர் சேர்க்கலாம். சிஸ்டர்தான் எங்கள் கதவைத் தட்டிச் சொன்னார். மகள் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினார். பெயர் ஏறிவிட்டது என்று பதில் வந்த அன்று எங்கள் வீட்டுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். படியேறினால் மூச்சு வாங்கியது. போவதற்குள் ஒரு ஓட்டு, அவ்வளவுதான் கேட்கிறேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அதிக நாள் காக்கவைக்காமல் அங்கே தேர்தலையும் அறிவித்தார்கள். அப்புறம்தான் சிக்கல். அங்கிருந்து வாக்குச்சீட்டு தபாலில் வந்து, இவர் குறித்து, அது திரும்பிப் போய்ச் சேர நாள் போதாது என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தொகுதியில் இருக்கும் யாரையாவது பிராக்ஸியாக நியமித்தால், அவர் நமக்குப் பதிலாகச் சாவடிக்குப் போய்ப் போடுவார். சிஸ்டரோடு வேலை பார்த்த ஒரு சிநேகிதி அங்கே இன்னும் இருந்தார். சந்தோஷமாகச் செய்கிறேன் என்று அந்த அம்மாவும் சொன்னார். சிஸ்டர் மறுத்துவிட்டார். மகள் கெஞ்சினார், கோபித்தார், ஒருநாள் பேசாமல் இருந்தார். என்னையும் போய்ச் சொல்லச் சொன்னார். போனேன்.

“அப்பா கைநாட்டுக்காரரு. அவருக்குப் பதிலாக் கங்காணி பேசுவாரு, கணக்கப்பிள்ள எழுதுவாரு, தொரை முடிவு பண்ணுவாரு. ஓட்டு ஒண்ணுதான் தம்பி எனக்கு நானே செஞ்சது. அத இன்னொருத்தர் கையில குடுக்கச் சொல்லாதீங்க.”

முன்னாட்களில் தபால் போய்ச் சேர்ந்ததுதானே, இப்போதும் போகும் என்று அவர் நம்பினார். தினமும் தெருவோரத் தபால்பெட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இங்கே தபால்காரர் இப்போதெல்லாம் தினமும் வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் போவார். இந்த நாட்டு ஜூன் மாதக் குளிரில் கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். வெறுங்கை. என்னைப் பார்த்துவிட்டால், நாளைக்கு வரும் என்று கையை ஆட்டிச் சொல்வார்.

உறை வந்தது. அங்கே வாக்குப்பதிவு நடக்கும் நாளன்றுதான் வந்தது. நேர வித்தியாசத்தில் இன்னும் அங்கே விடியவில்லை, அவ்வளவுதான் மிச்சம். விமானத்தில் கொண்டுபோனாலும் சேராது. நான் வேலையிலிருந்து வந்தபோது சமையலறை மேசையில் அதைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே நின்றிருந்தார். பிறகு சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். வேட்பாளர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயரும் அவருக்குத் தெரிந்ததில்லை. தொகுதியின் பெயர்கூட மாறிப்போயிருந்தது. அவர் இருந்த பள்ளத்தாக்கைக் கமிஷன் வேறு எதனோடோ சேர்த்திருந்தது.

எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் நடையில் சுவரில் சாய்ந்து நின்றோம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சீட்டை மடித்து, உறையிலிட்டு, கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தார். தபால் பெட்டிவரை நடக்க வேண்டும் என்றார். நான் கூடப் போனேன். அவர் கையாலேயே போட்டார்.

மறுநாள் முடிவு வந்தது. ஜெயித்தவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஸ்கூல் பஸ்ஸில் எல்லாம் அடங்காது. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இந்த ஒரு ஓட்டினால் எதுவும் மாறியிருக்காது சிஸ்டர் என்றேன். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். குரலை உயர்த்தவில்லை.

“இதையேதான் எங்கப்பாகிட்டயும் சொன்னாங்க. ஒன்னோட ஒரு ஓட்டுல என்னா ஆகப்போகுதுன்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாச் சொன்னாங்க தம்பி. கூட்டிப் பாத்தா ஒரு சனமே இல்லாமப் போயிருந்துச்சு.”

அதற்குப் பிறகு அவர் தொகுதியைப் பற்றிப் பேசுவது குறைந்தது. பனிக்கதையை என் மகள் கேட்டாலும், அப்புறம் சொல்கிறேன் என்பார். காரைச் சிஸ்டரின் மகள் விற்றுவிட்டார்.

போன வருடம் ஆக்லாந்து நகரசபைத் தேர்தல் வந்தது. அதில் சாவடிக்கே போக வேண்டாம். பெயரைப் பதிந்திருந்தால் சீட்டு வீடு தேடி வரும், பூர்த்திசெய்து பக்கத்துத் தெருவிலேயே போட்டுவிடலாம். பதிவதற்கான கெடு முடியும் முன்னால் கைபேசியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஸ்காட்லாந்து ஓட்டு அப்படியே இருக்கும், இங்கேயும் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நாட்டிலும் ஓட்டுள்ளவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றேன். சட்டத்தைத் திறந்து காட்டினேன். என்னைவிட நன்றாக ஆங்கிலம் படிப்பவர். முழுக்கப் படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்பா ரெண்டு எடத்துலயும் பேரு குடுத்தாரு. சிலோன் பிரஜைன்னு ஒரு மனு, இந்தியப் பிரஜைன்னு ஒரு மனு. ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கெடைக்கும்னு கணக்கப்பிள்ள எழுதிக் குடுத்தாரு. இவுங்க, நீ அங்க கேட்டிருக்கியேன்னு தள்ளுனாங்க. அவுங்க, நீ இங்க கேட்டிருக்கியேன்னு தள்ளுனாங்க. அவரு செத்தப்ப, எந்த நாடுன்னு எழுதுற எடத்த வெறுமனே விட்டுட்டாங்க.”

அது அந்தக் காலம், இங்கே அப்படிச் செய்ய முடியாது என்றேன்.

“ரெண்டு எடத்துல பேரு இருந்தா ரெண்டுலயும் வெட்டிருவாங்க தம்பி. அங்க ஒண்ணு இருக்கு. அது இருக்கட்டும்.”

எவ்வளவு படித்தவர், எத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவர். இந்த ஒரு பயத்தை மட்டும் யாராலும் அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. எங்கள் எல்லோருக்கும் எங்கெங்கோ ஓட்டு வாங்கிக்கொடுத்துவிட்டு, தனக்கென்று இருந்த ஒன்றைத் தொடாமல் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தேர்தல் முடிந்து சில வாரங்களில் இறந்துபோனார். நாற்காலியில் உட்கார்ந்தவாறே போயிருந்தார். அவர் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டுப் போடவைத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மழை வரும்போல இருந்ததால் காரியங்களைச் சீக்கிரம் முடித்தார்கள்.

சமீபத்தில் ஒருநாள் சிஸ்டரின் மகள் என்னை முன்பாதிக்குக் கூப்பிட்டார். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து மின்னஞ்சல். வெளிநாட்டு வாக்காளரான தங்கள் விவரங்களில் மாற்றம் ஏதும் உண்டா என்று அம்மாவின் பெயருக்குக் கேட்டிருந்தார்கள். காலமாகிவிட்டார் என்று ஒரு வரி எழுதினால் போதும், எடுத்துவிடுவார்கள். அந்த வரியை மகள் எழுதி வைத்திருந்தார். அனுப்பவில்லை. நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்துகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

செத்தவர்கள் பெயர் பட்டியலில் இருப்பது எங்கள் ஊரில் பெரிய கேலி. அதைச் சொல்லி அவரைச் சிரிக்கவைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினேன்.

மகள் என் கையைப் பிடித்தார். இத்தனை வருடத்தில் அவர் தமிழில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

“வேணாம். நாம வெட்ட வேணாம்.”

அந்த வரியை அழித்துவிட்டு மூடிவைத்தோம். பதில் வராவிட்டால் கொஞ்ச காலத்தில் அவர்களாகவே எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு வரை சிஸ்டரின் பெயர் அங்கே இருக்கிறது.